வலை கட்டியவருக்கு என்ன பெயர்?

சர்க்கஸில் ரிங் மாஸ்டர் என்றால் யார் என்று நம்மூரில் பத்துப் பேரைக் கேட்டால், ஒன்பது பேர் ‘சிங்கத்துக்கு முன்னால் சாட்டையைச் சொடுக்குபவர்’ என்பார்கள். லண்டனில் கேட்டால் பதில் வேறு. அங்கே ரிங் மாஸ்டர் என்பவர் சிவப்புக் கோட்டும் உயரமான கறுப்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு, அடுத்து யார் வரப்போகிறார் என்று அறிவிப்பவர். சிங்கக் கூண்டுக்குள் நுழைவது அவர் வேலையே இல்லை.

இருவருக்கும் மூலம் குதிரைதான். முன்னாள் குதிரைப்படை வீரரான பிலிப் ஆஸ்ட்லி 1768-ல் லண்டனில் குதிரைச் சாகசம் காட்ட ஆரம்பித்தார். நேர்கோட்டில் ஓடும் குதிரையின் முதுகில் நிற்பதைவிட வட்டமாக ஓடும் குதிரையின் மீது நிற்பது சுலபம். 42 அடி விட்டம் உள்ள வட்டம் அதற்குத் தோதாக அமைந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க சர்க்கஸ் ரிங் சுமார் 13 மீட்டர்தான். அந்த வட்டத்தின் நடுவில் சாட்டையோடு நின்று, குதிரையின் ஓட்டம் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொண்டவர் ரிங் மாஸ்டர். பின்னாளில் ஐரோப்பாவில் அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். இங்கே புலியைக் கொடுத்தார்கள்.

இங்கேயும் தொடக்கம் குதிரைதான். குருந்த்வாட் சமஸ்தானத்தில் குதிரைப் பயிற்சியாளராக இருந்த விஷ்ணுபந்த் சத்ரே, பம்பாய்க்கு வந்த சியாரினியின் இத்தாலிய சர்க்கஸைப் பார்த்து ரோஷப்பட்டு ஆரம்பித்ததுதான் முதல் இந்திய சர்க்கஸ். 1880 மார்ச் 20-ம் தேதி பம்பாயில் முதல் காட்சி. அடுத்து வங்காளத்தில் பிரியநாத் போஸ் ஒரு கம்பெனி தொடங்கினார். அதில் சுசீலா சுந்தரி என்ற பெண், புலிகளோடு கூண்டுக்குள் போய் வந்தது அந்தக் காலத்தில் பெரும் பேச்சு. போஸுக்கு ‘புரொபசர்’ என்று பட்டம். எந்தக் கல்லூரியும் கொடுத்ததல்ல. மார்பில் பாறாங்கல்லைத் தாங்கும் பயில்வான் முதல் மேஜிக் செய்பவர் வரை அன்றைக்குப் பாதிப் பேர் தங்களைப் புரொபசர் என்றுதான் போட்டுக்கொண்டார்கள். பட்டத்தை யாரும் தரமாட்டார்கள், நாமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. இன்றைய சர்க்கஸ்காரர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை என்பதுதான் என் வருத்தம்.

புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டக் கூடாது என்று 1998-ல் மத்திய அரசு அறிவித்தது. 2001-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கூண்டில் கிடந்த விலங்குகளின் பாடு தெரிந்தவர்கள் அந்த முடிவைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. சிங்கங்கள் மறுவாழ்வு மையங்களுக்குப் போயின. ரிங் மாஸ்டர்? விலங்கின் காது மடிவதைப் பார்த்தே அதன் மனநிலையைச் சொல்லக்கூடிய ஆள் அவர். உயிரியல் பூங்காவிலோ கால்நடைப் பண்ணையிலோ உதவக்கூடிய அனுபவம். ஆனால் ‘ரிங் மாஸ்டர்’ என்று எழுதிய காகிதத்தை நீட்டினால் வெளியே யாருக்கு என்ன புரியும்?

இந்திய சர்க்கஸின் தாய்வீடு கேரளத்தில் உள்ள தலச்சேரி. அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்பவர் களரிப் பயிற்சியையும் ஜிம்னாஸ்டிக்ஸையும் சேர்த்து மாணவர்களைத் தயார்படுத்தினார். 1901-ல் சர்க்கஸுக்கென்றே பள்ளி தொடங்கினார். இந்திய சர்க்கஸின் தந்தை என்று கொண்டாடப்படும் அவருக்கு ஊர் கொடுத்த பட்டம் ‘டீச்சர்’. அந்த ஒரு பட்டம் மட்டும் கூடாரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அர்த்தத்தில் செல்லுபடியானது. மற்ற பெயர்களெல்லாம் கூடாரத்தின் கேட்டைத் தாண்டினால் செல்லாக்காசு.

கேட்சர் என்பவரை எடுத்துக்கொள்வோம். ஊஞ்சலில் பறக்கும் பார் விளையாட்டு தொடங்கியதும் கேலரியில் இருக்கும் அத்தனை கண்களும் பறக்கப்போகிறவர் மேல்தான் இருக்கும். பளபளக்கும் உடை, ஏணி ஏறும் ஒயில், மேடையில் நின்று கை உயர்த்தும் தோரணை எல்லாம் அவருக்கு. எதிர்ப்பக்கம் ஒருவர் சத்தமில்லாமல் தன் ஊஞ்சலில் ஏறி, கால்களைக் கயிற்றில் பின்னிக்கொண்டு தலைகீழாகத் தொங்குவார். அவரைப் பார்ப்பவர்கள் குறைவு. அவர் ஆட ஆரம்பிப்பதை வைத்துத்தான் மறுபக்கத்து ஆட்டமே. இரண்டு ஊஞ்சல்களும் ஒரே தாளத்துக்கு வர வேண்டும். பறப்பவர் பாரை விட வேண்டிய நொடியைக் குரல் கொடுத்துச் சொல்பவரும் இவரே. வருகிறவரைக் கையோடு கை கோத்துப் பிடிக்கக் கூடாது, நழுவிவிடும். மணிக்கட்டோடு மணிக்கட்டு பூட்டிக்கொள்ள வேண்டும். ஓர் ஆளின் முழு எடையும் வேகமும் அந்தக் கணத்தில் இவர் தோள்பட்டையில் இறங்கும். தினம் மூன்று காட்சி. ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது. தோள் என்னத்துக்காகும்!

1859-ல் பாரிஸில் ஜூல்ஸ் லியோடார்ட் முதன்முதலாக அந்தரத்தில் பறந்தபோது பிடிக்க ஆளில்லை. ஒரு பாரை விட்டு அடுத்த பாரை அவரே பிடித்துக்கொண்டார். உடம்போடு ஒட்டிய ஜிம்னாஸ்டிக்ஸ் உடைக்கு இன்றும் அவர் பெயர்தான். பிடிக்கிற ஆள் பின்னால் வந்தார். அவர் வந்த பிறகுதான் இரண்டு குட்டிக்கரணம், மூன்று குட்டிக்கரணம் என்று வித்தை வளர்ந்தது. 1982 ஜூலை 10-ம் தேதி அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டூசான் நகரில் மிகேல் வாஸ்கெஸ் காற்றில் நான்கு குட்டிக்கரணம் அடித்துப் பிடிபட்டார். காட்சியில் அதுவரை யாரும் செய்யாத சாதனை. வரலாறு மிகேலின் பெயரைச் சொல்கிறது. நான்காவது சுற்று முடிந்து வந்த கைகளைப் பிடித்தவர் அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஹுவான். பிடிக்கத் தவறியிருந்தால் சாதனையே இல்லை. ஆனாலும் ஹுவான் பெயர் அடைப்புக்குறிக்குள்தான்.

ஜோக்கருக்கு வருவோம். நம்மூர் நாடகத்தில் பபூன் என்றால் கதையையே கையில் வைத்திருப்பவர். சர்க்கஸில் ஜோக்கர் என்றால் உயரம் குறைந்தவர் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ‘அபூர்வ சகோதரர்கள்’ அப்பு பலருக்குக் கண்ணில் நீர் வரவழைத்தார். அதனால் ஜோக்கரின் சம்பளமோ மரியாதையோ ஏறியதாகத் தெரியவில்லை. ஜோக்கர் செய்கிற முக்கியமான வேலையைப் படமும் சொல்லவில்லை. ஓர் ஐட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் சாமான்களை மாற்ற நேரம் வேண்டும். அந்த இடைவெளி ரசிகனுக்குத் தெரியக் கூடாது. ஒரு கம்பி சரியாக மாட்டவில்லை என்றால் ஜோக்கர் இன்னும் ஒரு முறை கீழே விழ வேண்டும், அதுவும் புதிதாக விழ வேண்டும். நேரத்தை ரப்பராக இழுத்துக் கொடுக்கும் வேலை. பார் விளையாட்டின் முடிவில் தொளதொள பேண்ட்டோடு மேலே ஏறித் தப்பும் தவறுமாகப் பறந்து காட்டுகிறாரே, அதற்கு ஒழுங்காகப் பறக்கத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதும் அவர் ஜோக்கர்தான். பறக்கிறவர் என்று யாரும் எழுத மாட்டார்கள்.

பெண்களுக்கு வயது முப்பதானாலும் ‘சர்க்கஸ் கேர்ள்’. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்யச் சொல்லி 2011-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறுமிகள் ரிங்கை விட்டுப் போனார்கள். கேர்ள் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

இருந்தாலும் இவர்கள் எல்லோரும் விளக்கு வெளிச்சத்தில் நிற்பவர்கள். என் மனதை அரிப்பது இவர்கள் கதைகூட இல்லை. ரிங் பாய் கதை.

அடுத்த முறை உங்கள் ஊர்ப் பொருட்காட்சித் திடலில் சர்க்கஸ் வந்தால், பார் விளையாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஜோக்கரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் பாருங்கள். சாயம் போன யூனிபார்மில் எட்டுப் பத்துப் பேர் சுருட்டி வைத்த வலையை இழுத்து வருவார்கள். நாலு மூலையிலும் கயிற்றை இரும்பு முளையில் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார்கள். ஒருவர் மட்டும் வலையின் ஓரத்தில் கை வைத்து அழுத்திப் பார்ப்பார். தலையசைத்தால் இன்னொரு சுற்று. வலை அதிகம் விறைத்தால் விழுந்தவரைப் பந்து மாதிரி வெளியே தூக்கி எறிந்துவிடும். தளர்ந்தால் முதுகு தரையில் தட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அதைச் சொல்லும் கை அது. அந்த ஆளுக்கு ஐம்பது வயது இருக்கலாம், தலை நரைத்திருக்கலாம். அவர் பதவிப் பெயர் ‘பாய்’.

காட்சி முடிந்தால் இவர்கள் வேலை முடிவதில்லை. கூடாரத்தைத் தாங்குவது ராட்சத இரும்புக் கம்பங்கள். ஒவ்வொன்றும் கம்பிகளாலும் கயிறுகளாலும் சுற்றிலும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மண் எப்படிப்பட்டது, முளை எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று முடிவெடுப்பவர் டென்ட் மாஸ்டர். இரவில் மழை பிடித்தால் கூரையில் நீர் தேங்கிப் பைபோலத் தொங்கும். ஆட்கள் மூங்கிலால் முட்டி நீரைத் தள்ளுவார்கள். நனைந்த கயிறு இறுகினால் தளர்த்த வேண்டும், காய்ந்ததும் மறுபடி இழுக்க வேண்டும். ஊர் மாறும்போது அத்தனையையும் பிரித்து, லாரியில் ஏற்றி, அடுத்த மைதானத்தில் மறுபடி நிறுத்த வேண்டும். கிரேன் கம்பெனியில் இதே வேலையைச் செய்பவரை ‘ரிக்கர்’ என்பார்கள். அதற்குப் பயிற்சி, சான்றிதழ், கப்பல் கட்டும் தளத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் வேலை, வளைகுடாவுக்கு விசா எல்லாம் உண்டு. சர்க்கஸில் இருபது வருடம் இதைச் செய்தவர் வெளியே வந்தால் சித்தாள்.

‘கூடாரத்துக்குள் எல்லோரும் எல்லா வேலையும் செய்வார்கள், பட்டமெல்லாம் எதற்கு’ என்று கம்பெனி நடத்துபவர்கள் சொல்வதுண்டு. வாஸ்தவம்தான். சம்பளம் கொடுக்கும்போதும் அப்படியே எல்லோரும் ஒன்று என்று கொடுத்தால் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

வெறும் மரியாதைப் பிரச்சினையாக இருந்தால் இத்தனை நீளம் எழுத வேண்டியதில்லை. சிக்கல் எண்களில் இருக்கிறது. உலகத் தொழில்களையெல்லாம் வகைப்படுத்தி எண் கொடுக்கும் சர்வதேசப் பட்டியல் ஒன்று உண்டு. 1988-ல் வந்த பட்டியலில் கோமாளி, மேஜிக் செய்பவர், அந்தரத்தில் சாகசம் செய்பவர் எல்லோருக்கும் 3474 என்ற எண். மூன்றாம் பிரிவு, அதாவது தொழில்முறை வல்லுநர்களுக்கு ஒரு படி கீழே. 2008-ல் பட்டியலைத் திருத்தியபோது அவர்களை 2659-க்கு மாற்றினார்கள். இரண்டாம் பிரிவு. டாக்டர், இன்ஜினீயர், வக்கீல் இருக்கும் அதே பிரிவு! ஜோக்கருக்குப் பட்டியலில் புரமோஷன் கிடைத்த செய்தி எந்தக் கூடாரத்துக்கும் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. இந்தியாவின் 2015-ம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாடும் அந்தச் சர்வதேசப் பட்டியலை ஒட்டியதுதான். அதே பட்டியலில் ரிக்கருக்கு 7215. திறன்பெற்ற கைவினைத் தொழிலாளர்களின் பிரிவு. ஒன்றும் தெரியாத கூலிக்கு ஒன்பதாம் பிரிவு.

இந்த எண்களால் யாருக்கு என்ன லாபம்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் அமைப்புசாராத் தொழிலாளர் எவரும் பதிவு செய்யலாம். 16 முதல் 59 வயது வரை. தொழில் என்ன என்ற கேள்விக்கு அந்தத் தேசிய வகைப்பாட்டிலிருந்துதான் பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சான்றிதழ் கேட்பதில்லை, நாம் சொல்வதுதான். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் ‘என்ன வேலைண்ணே?’ என்று கேட்பான். ‘சர்க்கஸ்ல ரிங் பாய், தம்பி’ என்றால் அவன் எதைத் தட்டுவான்? கூலி என்று தட்டுவான். கயிறு கட்டிக் கம்பம் நிறுத்தும் ரிக்கர் வேலை என்று சொன்னால் அட்டையில் ஏறும் தொழிலே வேறு. நாளைக்கு அந்தத் தொழிலை வைத்து ஒரு பயிற்சியோ, வேலையோ, உதவியோ வரும்போது யாருக்குப் போகும் என்பது இன்றைக்கு அவன் தட்டும் பட்டனில் இருக்கிறது.

கேரள அரசு ஓய்வுபெற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்கு ஓய்வூதியம் தருகிறது. பாராட்ட வேண்டிய காரியம். அந்தப் பெயரில் இருக்கும் ‘கலைஞர்’ என்ற சொல்லுக்குள் வலையை அழுத்திப் பார்த்த கையும் அடங்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

கூடாரங்கள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன. இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் இன்னும் சில ஆண்டுகளில் வெளியே வரத்தான் போகிறார்கள். சர்க்கஸ் கம்பெனி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியேறும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிதம் கொடுத்து அனுப்புங்கள். ரிங் பாய், ஜோக்கர் என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். என்ன வேலை செய்தார், எத்தனை ஆண்டு செய்தார், எந்தக் கருவியைக் கையாண்டார் என்று நாலு வரி எழுதி, கம்பெனி முத்திரை வைத்துக் கொடுங்கள். அதற்கு உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை.