ரெகுலரா, கரஸ்ஸா?

சிதம்பரம் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் பேசும்போது பி.ஏ., பி.காம். என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "ரெகுலரா, கரஸ்ஸா?" நாள்தோறும் கல்லூரிக்குப் போய்ப் படித்தது ரெகுலர். பாடப்புத்தகத்தைத் தபாலில் வரவழைத்து வீட்டிலிருந்தே படித்தது கரஸ். 1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வியை ஆரம்பித்த நாளிலிருந்து இந்தக் கேள்வியும் கூடவே வளர்ந்தது. பகலில் கடையில் கணக்கெழுதி, இரவில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். 'கரஸ்' என்ற ஒரு சொல் அவர்களை ஒரு படி கீழே நிறுத்திப் பார்த்தது. அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பட்டமும் நேரடி வகுப்பில் பெற்ற பட்டமும் சமம்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்தியது. பெண் வீட்டார் கேட்பதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

ஏதோ ஒன்று தவறாமல், சீரான இடைவெளியில் நடக்கிறது என்று சொல்லப் பயன்படும் சாதாரண ஆங்கிலச் சொல் 'ரெகுலர்'. அது எப்படி மனிதர்களைத் தரம் பிரிக்கும் சொல்லாக மாறியது?

அதன் வேர் லத்தீனில் 'ரெகுலா'. நேர்கோடு போட உதவும் சட்டம். நம் பழைய பள்ளிக்கூடங்களில் கோடு போடவும் முட்டியில் அடிக்கவும் பயன்பட்ட ரூல்தடியின் 'ரூல்' இதே குடும்பம். நேரான தடி என்பதிலிருந்து நேரான நடத்தை, அதற்கான விதி என்று பொருள் விரிந்தது. இடைக்கால ஐரோப்பாவில் மடத்து விதிக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த துறவியருக்கு 'ரெகுலர்' என்று பெயர். காலக்கணக்கெல்லாம் இதில் பிற்பாடு ஏறியதுதான்.

பிறகு சொல் பட்டாளத்துக்குப் போனது. அந்தக் கதையில் கடலூருக்கும் பங்குண்டு. தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690இல் விலைக்கு வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, அதற்கு செயின்ட் டேவிட் என்று பெயரிட்டது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் இங்கே வந்தது. 1748 ஜனவரியில் வந்திறங்கிய ஆங்கில அதிகாரி ஸ்டிரிங்கர் லாரன்ஸ், கட்டுக்கோப்பில்லாமல் கிடந்த காவல் ஆட்களைப் பிரிவுகளாக்கி, அதிகாரிகளை நியமித்து, பயிற்சி கொடுத்தார். அவரை இந்திய ராணுவத்தின் தந்தை என்று ஆங்கில வரலாற்றாசிரியர்கள் எழுதுவது இதனால்தான். போர் வந்தால் கூப்பிட்டு, முடிந்ததும் அனுப்பிவிடும் ஆளுக்கும், சம்பளமும் சட்டதிட்டமும் உள்ள 'ரெகுலர்' சிப்பாய்க்கும் உள்ள வித்தியாசம் அந்த மாதிரிப் படைகளில் கண்ணுக்குத் தெரிந்தது.

இதே வித்தியாசத்தை இன்று நெய்வேலியில் கேட்கலாம். ஒரே நிலக்கரிச் சுரங்கம், ஒரே கரித்தூசு. ஆனால் ஒருவர் 'ரெகுலர்', இன்னொருவர் 'கான்ட்ராக்ட்'. இருவரும் தினமும்தான் வேலைக்கு வருகிறார்கள். இருபது வருடம் நாள் தவறாமல் வந்தவரையும் ரெகுலர் இல்லை என்று சொல்ல முடிகிறதென்றால், அந்தச் சொல்லுக்குள் ஒரு அநியாயம் குடியிருக்கிறது. ரெகுலர் ஆக்குவதற்கு அரசு அலுவலகங்கள் வைத்திருக்கும் தமிழ் 'வரன்முறை'. பணியை வரன்முறைப்படுத்துவார்கள், அனுமதி வாங்காமல் பிரித்து விற்ற மனையையும் வரன்முறைப்படுத்துவார்கள். 2017இல் அந்த மனைகளுக்கான விதிகள் வந்தபோது, அலுவலகக் கோப்புகளில் கிடந்த இந்தச் சொல் டீக்கடை பெஞ்சுக்கு வந்தது.

உண்மையில் உயிரோடு விளையாடும் குழப்பம் வேறொன்று. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கும் முதியவரிடம், "ரெகுலரா போடுறீங்களா ஐயா?" என்று டாக்டர் கேட்கிறார். "போடறேங்க. தலை சுத்தும்போதெல்லாம் ரெகுலரா போட்டுடறேன்." அவர் பொய் சொல்லவில்லை. ரெகுலர் என்பதை அவர் 'அடிக்கடி' என்று எடுத்துக்கொண்டார். டாக்டர் கேட்டது 'விடாமல்' என்ற பொருளில். சுற்றல் இல்லாத நாளில் மாத்திரையும் இல்லை, அழுத்தமோ ஏறிக்கொண்டே இருக்கும். "ஒரு நாளும் விடாம போடுறீங்களா?" என்று தமிழில் கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

அடிக்கடி என்றால் அடிக்கு அடி, கால் வைக்கும் இடமெல்லாம். ரெகுலர் அப்படியில்லை. சிதம்பரம் நடராஜர் கோயிலில் ஸ்படிக லிங்கத்துக்கு நாள்தோறும் அபிஷேகம். நடராஜப் பெருமானுக்கு வருடத்தில் ஆறே முறை. ஆனி உத்திரமும் மார்கழித் திருவாதிரையும் அந்த ஆறில் சேர்ந்தவை. லிங்கத்தின் அபிஷேகம், நடராஜரின் அபிஷேகம் இரண்டுமே தவறாமல் நடப்பவை, ஆங்கிலக் கணக்கில் இரண்டுமே ரெகுலர். லிங்கத்துக்கு நடப்பது மட்டும்தான் அடிக்கடி.

மேலே 'ஆறே முறை' என்று எழுதியதிலேயே இந்தச் சொல்லுக்கு நம்மிடம் உள்ள ஜோடி இருக்கிறது. 'முறை' என்றால் தடவை; விதி; நியாயம்; நம் சுற்று. மாமன் மகள் முறைப்பெண் ஆவதும் அதே சொல்லால்தான். கடலூர் மாவட்டத்தின் தென்கோடியில், காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிகளின் கடைமடையில், இந்தச் சொல்லின் எல்லாப் பொருளும் ஒரே வாய்க்காலில் ஓடும். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அந்த நீர் கொள்ளிடம் கீழணைக்கு வந்து, அங்கே பிரிந்து இங்கே வருகிறது. வழியில் நீரைத் தடுத்துப் பங்கிடும் மதகுக் கட்டுமானத்துக்குப் பொதுப்பணித் துறை வைத்த பெயர் 'ரெகுலேட்டர்', தமிழில் 'நீரொழுங்கி'. தண்ணீர் குறையும்போது முறை வைத்துத்தான் விடுவார்கள். தன் முறை வரும் இரவில் மண்வெட்டியும் டார்ச்சுமாகக் கரையில் உட்கார்ந்திருக்கும் விவசாயி, மேலேயிருந்து சைக்கிளில் வருகிறவரை நிறுத்திக் கேட்கிறார்: "ஷட்டர் ஏத்திட்டாங்களாண்ணே?"