பீச் பழத்தின் சர்க்கரைக் கணக்கு

100 கிராம் பீச் பழத்தில் 89 கிராம் தண்ணீர். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி சர்க்கரை 8.4 கிராம், நார்ச்சத்து 1.5 கிராம், ஆற்றல் 39 கலோரி. 150 கிராம் எடையுள்ள ஒரு நடுத்தரப் பழத்தைத் தின்றால் 59 கலோரி சேரும். பழத்தின் ருசி பெரும்பாலும் அந்த 8.4 கிராமையும் அதனுடன் சேரும் புளிப்பையும் மணத்தையும் பொறுத்தது.

அந்தச் சர்க்கரை முழுவதும் மரத்தில்தான் ஏறுகிறது. வாழைக்காயில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் மாவுச்சத்து இருக்கும். தாரை வெட்டிப் பழுக்க வைத்தால் அது 1 அல்லது 2 சதவீதமாக இறங்கி, மீதி சர்க்கரையாகிறது. பீச் காயில் அப்படிச் சேமிப்பு கிடையாது. பறித்த பிறகு அது மிருதுவாகும், மணக்கும், சாறு ஊறும். இனிப்பு மட்டும் கூடாது. பறித்த அன்று 8 சதவீதம் என்றால் ஒரு வாரம் கழித்தும் ஏறத்தாழ 8 சதவீதம்தான்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், புளிப்பு அளவோடு உள்ள பீச்சில் கரையும் திடப்பொருள் குறைந்தது 10 சதவீதம் இருந்தால் உண்பவர் விரும்புவர் என்று கணித்தனர். இந்தத் திடப்பொருளில் பெரும்பகுதி சர்க்கரை. ஒரே விலையில் 150 கிராம் பழங்கள் இரண்டு. ஒன்று 10 சதவீதம், மற்றது 13 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 15 கிராம், இரண்டாவதில் 19.5 கிராம். கொடுத்த காசுக்கு 30 சதவீதம் அதிகம்! இந்த வித்தியாசத்தைத் தோலின் சிவப்பு காட்டாது. சிவப்பு, ரகத்தையும் வெயிலையும் பொறுத்தது. காம்புக் குழியைச் சுற்றிச் சிவப்பு படாத இடத்தைப் பார்க்க வேண்டும். மஞ்சள் சதை ரகத்தில் அங்கே பச்சை இருந்தால் முற்றாமல் பறித்தது. வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் முற்றியது. அதே குழியருகே மூக்கை வைத்தால் மணமும் சொல்லிவிடும்.

அடுத்த எண் 4. வீட்டுக் குளிர்பெட்டி வழக்கமாக 4 டிகிரி செல்சியஸில் ஓடுகிறது. பீச்சுக்குக் கேடு செய்யும் வெப்பநிலை 2.2 முதல் 7.6 டிகிரி வரை. பழுக்காத பழம் அதில் ஒன்றிரண்டு வாரம் கிடந்தால், வெளியே குறையே தெரியாது. வெட்டினால் சதை சாறின்றி மாவு போலிருக்கும், சில சமயம் கொட்டையருகே பழுப்பேறியிருக்கும். 0 டிகிரியில் இந்தக் கேடு வெகுவாகத் தாமதமாகிறது. அதனால் கிடங்குகள் 0 டிகிரியை ஒட்டியே வைக்கின்றன. வீட்டில் செய்யக்கூடியது, 20 டிகிரியை ஒட்டிய அறையில் காம்புப் பக்கம் கீழாக 2 அல்லது 3 நாள் பரப்பி வைப்பது. கனிந்த பழத்தை ஓரிரு நாள் குளிர்பெட்டியில் வைத்தால் பாதகமில்லை.

பருவம் குறுகியது. பீச்சுக்குப் பெயர்போன, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மே நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை, சுமார் 13 வாரம். 40க்கும் மேற்பட்ட ரகங்கள் அடுத்தடுத்துக் கனிவதால்தான் இத்தனை வாரமாவது நீள்கிறது. முதல் வாரங்களின் ரகங்களில் கொட்டை சதையோடு ஒட்டிக்கொள்ளும். ஜூன் நடுவுக்குப் பின் வருபவை கையால் பிளந்தாலே கொட்டையை விட்டுவிடும்.

1928இல் ஜார்ஜியாவின் விளைச்சல் ஏறத்தாழ 80 லட்சம் புஷல், அதாவது சுமார் 1.7 லட்சம் டன். இப்போது நல்ல ஆண்டில் சுமார் 13 கோடி பவுண்டு, 59,000 டன். அன்றைய அளவில் மூன்றில் ஒரு பங்கு. 2020இல் உலக விளைச்சல், நெக்டரினையும் சேர்த்து, 2.46 கோடி டன். அதில் சீனா 61 சதவீதம். ஜார்ஜியாவின் பங்கு கால் சதவீதம்கூட இல்லை.

அந்தக் கால் சதவீதமும் நிச்சயமில்லை. பீச் மரம் பூக்க, குளிர்காலத்தில் 7.2 டிகிரிக்குக் கீழே, ரகத்துக்கேற்பப் பல நூறு மணி நேரம் கழிய வேண்டும். 2017இல் குளிர் போதவில்லை. விளைச்சலில் சுமார் 80 சதவீதம் போயிற்று. 2023இல் குளிர்காலம் வெதுவெதுப்பாகி மரங்கள் முந்திப் பூத்தன. மார்ச் உறைபனி பூவைக் கருக்கியது. இழப்பு 90 சதவீதத்துக்கு மேல். ஏழு ஆண்டுக்குள் இருமுறை என்பதை வெறும் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குறைந்த குளிரே போதுமான ரகங்கள் உண்டு. அங்கே கோடையில் பீச் வாங்குபவர்கள் பழத்தை விரலால் அழுத்த வேண்டாம். அழுத்திய இடம் மறுநாள் கறுக்கும்; அந்த நஷ்டம் விற்பவரின் தலையில் விழும். காம்புக் குழியைப் பாருங்கள், மோந்து பாருங்கள், இரண்டு நாளில் தின்று தீரும் அளவே வாங்குங்கள்.