கல்லெலும்பும் சாந்தெலும்பும்

அருங்காட்சியகத்தில் நிற்கும் தொல்விலங்கின் எலும்புக்கூடு வெறும் சாந்தால் ஆனது என்று சொன்னால், "அப்படியானால் போலிதானே?" என்கிறார்கள் என் வகுப்பு நண்பர்கள். அவர்களுக்கு விடையாகவே இதை எழுத முற்படுகிறேன்.

டிப்ளோடோகஸ் என்னும் மாபெரும் ஊர்வன விலங்கை எடுத்துக்கொள்வோம். 1899ஆம் ஆண்டு அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் அதன் எலும்புகள் கிடைத்தன. கல்லாகிப்போன எலும்பு உறுதியானது என்று நினைக்கிறோம்; உண்மையில் அது விரிசல்களின் தொகுப்பு. அப்படியே பெயர்த்தால் நொறுங்கிவிடும். ஆகவே சுற்றியுள்ள பாறையைக் குடைந்து, எலும்பின்மேல் ஈரத்தாளை ஒட்டி, பாரிஸ் சாந்தில் தோய்த்த கோணித்துணியைச் சுற்றுவார்கள். கால் முறிந்தவனுக்குப் போடும் மாவுக்கட்டேதான்! ஈரத்தாள் இல்லையேல் சாந்து எலும்போடு ஒட்டிக்கொள்ளும்.

ஆய்வுக்கூடத்தில் கட்டைப் பிரித்தபின் உளி, ஊசி, தூரிகை கொண்டு எஞ்சிய கல்லை நீக்கி, விரிசல்களில் பசை ஊட்டுவார்கள். ஓர் எலும்புக்கே பல வாரங்கள் ஆகலாம். பொறுமையற்றவர்களுக்கு ஏற்ற தொழில் அன்று.

அடுத்தது அச்சு. டிப்ளோடோகஸின் முதுகெலும்புகளில் குழிகள் மிகுதி. ஒரே துண்டாக அச்செடுத்தால் கழற்ற வராது. எனவே பல துண்டுகளாக அச்செடுத்து, அவற்றைப் பொருத்திச் சாந்தை வார்த்தார்கள். இக்காலத்தில் சிலிக்கோன் ரப்பர் அச்சை எளிதாக உரித்தெடுக்கலாம். வார்ப்பதற்கும் எடை குறைந்த கண்ணாடியிழைக் கலவை உண்டு.

மன்னர் ஏழாம் எட்வர்டின் விருப்பத்துக்கிணங்க, ஆண்ட்ரூ கார்னகியின் செலவில் 292 வார்ப்பெலும்புகள் 36 பெட்டிகளில் லண்டன் சென்றன. 1905 மே 12 அன்று அங்கே காட்சி தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், பிட்ஸ்பர்க் நகரில் அசல் எலும்புக்கூடு நிறுத்தப்பட்டது 1907இல்தான். நகல் முந்திக்கொண்டது! பின்னர் பெர்லின், பாரிஸ், வியன்னா முதலிய நகரங்களுக்கும் வார்ப்புகள் போயின. அசல் ஒன்றாயிருக்க, இத்தனை நாட்டு மாணவர்கள் வேறெவ்வாறு அதன் முழு உருவைக் கண்டிருக்க முடியும்?

ஆனால் ஒன்று. அந்த உருவம் ஒரே விலங்கினுடையதன்று. கிடைக்காத பகுதிகளை வேறு விலங்குகளின் எலும்புகளைக் கொண்டு நிரப்பினார்கள். இதை எழுதிவைக்காத அறிவிப்புப் பலகையைத்தான் நான் போலி என்பேன்.

வார்ப்பில் இன்னொரு வசதியும் உண்டு. இவ்விலங்குகள் வாலைத் தரையில் இழுத்துச் செல்லவில்லை என்ற கருத்து வலுப்பட்டபின், 1993இல் லண்டன் வார்ப்பின் வாலை உயர்த்திவிட்டார்கள். அசலானால் ஒவ்வொரு கணுவுக்கும் அஞ்ச வேண்டியிருக்கும். 2017இல் அது பெருங்கூடத்தைவிட்டு வெளியேறிப் பிரிட்டனின் பல ஊர்களுக்குப் பயணம் போயிற்று. 2024இல் அதே உருவம் வெண்கலத்தில் வார்க்கப்பட்டு, அருங்காட்சியகத் தோட்டத்தில், மழையிலும் வெயிலிலும் நிற்கிறது.