கனம் குறையலாம், கை ஆடக்கூடாது!

2018-ல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு என்று பெயர் மாறிய ராஸ் தீவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஆல மர வேர்கள் பின்னிக் கிடக்கும் இடிபாடுகளுக்கு நடுவே ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக் கிடங்கு, ஒரு அச்சுக்கூடம். அவற்றோடு ஒரு டென்னிஸ் மைதானமும் உண்டு. 1858-ல் தொடங்கிய கைதிக் குடியேற்றத்தின் தலைமையிடம் அது. காடு வெட்டியதும் கல் சுமந்ததும் கைதிகள். மாலையில் பந்தடித்தது துரைமார்கள்.

காலம் மாறிவிட்டது. இன்று டென்னிஸ் துரைமார் ஆட்டமல்ல. பகலெல்லாம் கோப்புப் பார்க்கும் குமாஸ்தாவும், பட்டறையில் ஸ்பானர் பிடிப்பவரும், மகனை ஆட்டக்காரனாக்கிப் பார்க்க ஆசைப்படும் தகப்பனும் மட்டை பிடிக்கிறார்கள். ஆனால் நாற்பது வயதை நெருங்கும்போது பலருக்கும் ஒரு சோதனை வருகிறது. தோள் வலிக்கிறது, முழங்கை குத்துகிறது. "மட்டை கனம் அதிகம், லேசானதாக வாங்கு" என்று பத்துப் பேர் சொல்கிறார்கள். வாங்கினால், பந்து பட்டவுடன் மட்டை கையில் புரள்கிறது. அடி எங்கே போகிறதென்றே தெரியவில்லை. சிலருக்கு வலி முன்னைவிடக் கூடுகிறது.

மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நல்ல மட்டை என்பது சில மாதச் சேமிப்பு. கை போனாலோ விளையாட்டு மட்டுமல்ல, வேலையும் போகும். எனவே கனத்தைக் குறைத்துக்கொண்டே உறுதியையும் கைக்குத் தெரியும் உணர்வையும் காப்பாற்றுவது எப்படி என்று பார்ப்பது அவசியம்.

மரத்திலிருந்து கரியிழைக்கு

1874-ல் இங்கிலாந்தில் வால்டர் விங்ஃபீல்டு என்ற படை அதிகாரி இந்த விளையாட்டுக்கு உரிமம் பெற்ற நாள் தொட்டு, ஏறக்குறைய நூறு ஆண்டுகள் மட்டை என்றால் மரம்தான். எடை 370 முதல் 400 கிராம். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிக்குச் சென்று தமிழகத்துக்குப் பெருமை சேர்த்த ராமநாதன் கிருஷ்ணன் ஆடியது மர மட்டைகளின் காலத்தில்தான்.

1967-ல் எஃகு மட்டை வந்தது. ஜிம்மி கானர்ஸ் அதைப் புகழ்பெறச் செய்தார். 1976-ல் ஹோவர்டு ஹெட் என்ற அமெரிக்கப் பொறியாளர் அகன்ற தலை மட்டைக்கு உரிமம் பெற்றார். பிறகு கிராஃபைட் என்னும் கரியிழை வந்தது. விம்பிள்டனில் மர மட்டை கடைசியாகத் தென்பட்டது 1987-ல். அதே 1987-ல்தான் ராமநாதனின் மகன் ரமேஷ் கிருஷ்ணன், சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தை வென்று இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுசென்றார். வேகமான சர்வீஸ் இல்லாமலே, இடம் பார்த்து அடிக்கும் நிதானத்தால் வென்றவர் அவர். கையுணர்வு என்றால் என்ன என்பதற்கு அவர் ஆட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

காலத்தோடு மாறாதவர் என்ன ஆவார் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. ஐந்து முறை விம்பிள்டன் வென்ற பியான் போர்க், 1991-ல் பழைய மர மட்டையோடு மான்டி கார்லோவில் களமிறங்கி முதல் சுற்றிலேயே தோற்றார். மாறாக, ரோஜர் ஃபெடரர் 2014-ல் 90 சதுர அங்குலத் தலையை விட்டு 97 சதுர அங்குலத்துக்கு மாறினார். 2017-ல், 35-ஆவது வயதில், ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார். மாறுவது தவறல்ல, அறிந்து மாற வேண்டும். அவ்வளவே.

கனம் ஒன்றல்ல, மூன்று

கடைக்காரர் மட்டையில் எழுதியிருக்கும் எடையைக் காட்டுவார். அது தராசு சொல்லும் கனம். உங்கள் கை அறிவது வேறு.

கோடரியை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புப் பக்கத்தைப் பிடித்துக் காம்பை வீசினால் லேசாக இருக்கும். காம்பைப் பிடித்து இரும்பை வீசினால் தோளை இழுக்கும். எடை ஒன்றுதான், அது எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். இதை வீச்சுக் கனம் எனலாம். பந்தை எதிர்த்து நிற்பதும், பந்துக்கு வேகம் கொடுப்பதும் பெரும்பாலும் இந்த வீச்சுக் கனமே. தராசுக் கனம் அதற்கு அடுத்தபடிதான்.

மூன்றாவது, முறுக்குக் கனம். கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடக்கும்போது கையில் நீண்ட கழியைக் குறுக்கே பிடித்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். எடை இரு ஓரங்களிலும் விலகி இருப்பதால் கழி சட்டென்று புரளாது, அவரும் விழமாட்டார். மட்டையிலும் அப்படித்தான். தலையின் இடது வலது ஓரங்களில் எடை இருந்தால், பந்து நடுவை விட்டு விலகிப் பட்டாலும் மட்டை திரும்பாது. ஹோவர்டு ஹெட் தலையை அகலமாக்கியதன் சூட்சுமம் இதுதான்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பந்து மட்டையில் தங்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவே. அதற்குள் மூளைக்குச் செய்தி போய்க் கை இறுகுவது நடக்காத காரியம். "மட்டை புரளுகிறது, இன்னும் இறுக்கிப் பிடி" என்பது பயன் குறைந்த யோசனை. இறுக்கிப் பிடித்தால் அதிர்ச்சி முழங்கைக்குத்தான் போகும். உறுதி மட்டையிலிருந்து வரவேண்டும், முஷ்டியிலிருந்து அல்ல.

கணக்குப் பார்ப்போம்

வயது வந்தவர் மட்டையின் நீளம் வழக்கமாக 27 அங்குலம், அதாவது சுமார் 68.5 சென்டிமீட்டர். கைப்பிடியின் அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளியை மையமாக வைத்து வீச்சுக் கனத்தைக் கணக்கிடுவது வழக்கம். பெரும்பாலான மட்டைகளுக்கு அது 290 முதல் 340 வரை வரும். மையத்திலிருந்து உள்ள தூரத்தை அதே தூரத்தால் பெருக்கி எடையால் பெருக்குவதே விதி. தூரம் இரட்டித்தால் பலன் நான்கு மடங்கு.

இதன்படி, தலையின் உச்சியில் 1 கிராம் சேர்த்தால் வீச்சுக் கனம் 3-க்கு மேல் கூடும். தலையின் நடு ஓரத்தில், கடிகாரத்தில் 3, 9 எண்கள் இருக்கும் இடத்தில், அதே 1 கிராம் 2-க்குச் சற்றுக் குறைவாகக் கூட்டும். கழுத்தில் அரைக்குச் சற்று மேல். கைப்பிடியின் அடியிலோ 0.1 மட்டுமே.

ஒரு எடுத்துக்காட்டு. பழைய மட்டை நரம்போடு 340 கிராம், வீச்சுக் கனம் 325 என்று வைத்துக்கொள்வோம். புதிய மட்டை 285 கிராம், வீச்சுக் கனம் 300. லேசாக இருக்கிறது, ஆனால் புரளுகிறது. இப்போது 3, 9 எண் இடங்களில் பக்கத்துக்கு 3 கிராம் வீதம் 6 கிராம் ஈயப் பட்டை ஒட்டுங்கள். வீச்சுக் கனம் 311 ஆகும். முறுக்குக் கனம் சாதாரணமாக 13 முதல் 15 வரை இருக்கும். அதில் ஏறக்குறைய 1 கூடும். தலைப்பக்கம் சாய்ந்ததாகத் தோன்றினால் கைப்பிடியின் அடியில் இன்னொரு 6 கிராம் வைக்கலாம். வீச்சுக் கனம் அதனால் அநேகமாக ஏறாது. மொத்தம் 297 கிராம். பழையதைவிட 43 கிராம் குறைவு; ஆனால் புதிதாக வந்தபோது இருந்த தள்ளாட்டம் பெருமளவு போய்விடும்.

பதினான்கு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வென்ற பீட் சாம்ப்ராஸும் மட்டையில் ஈயப் பட்டை ஒட்டித்தான் ஆடினார். மட்டைக்கு இவ்வளவுதான் எடை இருக்க வேண்டும் என்று சர்வதேச விதி எதுவும் கிடையாது; நீளத்துக்கும் அகலத்துக்குமே வரம்பு.

ஈயப் பட்டை கிடைக்காவிட்டால், ரேடியோ ரிப்பேர்க் கடையில் விற்கும் சால்டர் கம்பியை அளந்து வெட்டி, சட்டத்தின் உட்பக்கம் வைத்து, நல்ல ஒட்டு நாடாவால் சுற்றிப் பரீட்சை செய்யலாம். எடையை நகைக்கடைத் தராசில் பார்த்துக்கொள்வது நல்லது. ஈயம் நஞ்சு. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தைகள் கையில் கொடுக்கக்கூடாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல், இரண்டு இரண்டு கிராமாகக் கூட்டி ஒரு வாரம் ஆடிப் பார்ப்பதே முறை.

கையுணர்வு எங்கிருந்து வருகிறது?

பந்து மட்டையில் எங்கே பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்ல முடிவதே கையுணர்வு. லேசான மட்டைகளில் பல, வலிமைக்காகச் சட்டம் தடித்தும் விறைப்பாகவும் செய்யப்பட்டவை. அடி வேகமாகப் போகும். ஆனால் அதிர்ச்சி அப்படியே கைக்கு வரும். மெல்லிய, சற்று வளைந்து கொடுக்கும் சட்டம் செய்தியைத் தெளிவாகச் சொல்லும். எனவே எடை குறைந்த மட்டைகளுக்குள்ளும் விறைப்புக் குறைந்ததைத் தேடுங்கள்.

அடுத்தது நரம்பு. பாலியஸ்டர் நரம்பு விறைப்பானது. வலிக்கும் முழங்கைக்கு ஆகாது. பல இழை நைலான் மென்மை. இறுக்கத்தை 2, 3 பவுண்டு குறைத்துக் கட்டச் சொன்னால் செலவில்லாமல் அதிர்ச்சி தணியும். நரம்புக்கு நடுவே செருகும் சிறு ரப்பர்த் துண்டு ஓசையை மட்டுமே அடக்கும். சட்டத்தின் அதிர்ச்சியைத் தடுக்காது. அதை நம்பி வலியோடு ஆடவேண்டாம்.

கைப்பிடிச் சுற்றும் முக்கியம். செயற்கைச் சுற்றுக்குப் பதில் தோல் சுற்றுப் போட்டால் ஏறக்குறைய 10 கிராம் கூடும். ஆனால் அது கைக்குள்ளேயே இருப்பதால் வீச்சு மந்தமாகாது. கையுணர்வும் நன்றாக இருக்கும்.

தீவின் ஈரம்

நம் தீவுகளுக்கென்று ஒரு தனி விஷயம் உண்டு. மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் நம்மை விடுவதில்லை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவு மழை. மர மட்டைக் காலத்தில் சட்டம் கோணாமலிருக்க நான்கு திருகாணி போட்ட மரச் சட்டத்துக்குள் இறுக்கி வைப்பார்கள். கரியிழைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாட்டுக் குடலில் செய்யும் இயற்கை நரம்பு, மென்மையில் இணையற்றது என்றாலும், ஈரம் பட்டால் ஊறிப் பிரிந்துவிடும். விலையும் அதிகம். அந்தமானில் அது காசைக் கடலில் போடுவதற்குச் சமம்.

வியர்வையில் நனைந்த கைப்பிடி வழுக்கும். வழுக்கினால் கை தானாக இறுக்கிப் பிடிக்கும். முழங்கை வலி அங்கே ஆரம்பம். ஐந்தாறு கிராம் எடையுள்ள மெல்லிய மேல்சுற்றை அடிக்கடி மாற்றுவது பெரிய மருந்து.

முழங்கை வலி டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டும் வருவதல்ல. மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பில் வந்து பிடிக்கும் இடம் நைந்துபோவதே அது. பெயின்டர், தச்சர், குழாய் வேலைக்காரர் ஆகியோருக்கும் வருகிறது. பகலில் சுத்தியல் பிடித்து மாலையில் மட்டை பிடிப்பவருக்கு இரட்டைச் சுமை. வலி சில வாரங்களில் தீராவிட்டால் மட்டையை மாற்றுவதை விட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வாங்கும் முன்

மட்டை சென்னையிலிருந்து 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி வரவேண்டும். திருப்பி அனுப்புவது எளிதல்ல. ஆகவே முதலில் இருப்பதை அளந்து வையுங்கள். நரம்போடு எடை என்ன? ஒரு பென்சிலின் மேல் மட்டையைக் கிடத்தி எங்கே சமமாக நிற்கிறது என்று அடியிலிருந்து சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் கடைக்காரரிடம் ஏமாற வேண்டியதில்லை.

ஒரே தாவலில் 50 கிராம் குறைக்காதீர்கள். 15, 20 கிராம் போதும். கொஞ்சம் லேசாக வாங்கினால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கனமாக வாங்கிவிட்டால் குறைக்க வழியில்லை. முடிந்தால் நண்பரின் மட்டையை இரண்டு மாலை இரவல் வாங்கி ஆடிப் பாருங்கள். முதல் நாள் எல்லா லேசான மட்டையும் இனிக்கும். கை களைத்த மூன்றாம் செட்டில், எதிராளி ஓங்கி அடித்த பந்தை வலையோரத்தில் தடுக்கும்போதுதான் மட்டையின் குணம் தெரியும்.

பிள்ளைகளுக்கு அப்பாவின் பழைய மட்டையைக் கொடுப்பது சிக்கனமல்ல. 19 அங்குலம் முதல் 26 அங்குலம் வரை வயதுக்கேற்ற மட்டைகள் இருக்கின்றன. வளரும் தோளில் பெரியவர் கனத்தை ஏற்றினால் ஆட்டமும் கெடும், தோளும் கெடும்.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். மட்டை விஷயத்தில் அந்தக் காரம் எங்கே இருக்கவேண்டுமோ அங்கே இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நம் பொறுப்பு. அளந்து, கணக்குப் பார்த்து, இரண்டு கிராம் இங்கும் இரண்டு கிராம் அங்கும் சேர்த்துச் சரிசெய்துகொண்டால், நாற்பதில் விட நினைத்த ஆட்டத்தை அறுபதிலும் ஆடலாம்.