நட்சத்திரத்தைத் துரத்தும் பழைய மோட்டார்! ஆபத்து இல்லாமல் ஓட்டுவது எப்படி?

கோவில்பட்டிச் சீமையை "வானம் பார்த்த பூமி" என்பார்கள். மழையை எதிர்பார்த்து உழவர்கள் வானத்தைப் பார்க்கும் கரிசல் காடு அது. மேகம் இல்லாத மாசி, பங்குனி இரவில் ஊர் விளக்குகளைத் தாண்டிப் போனால், நட்சத்திரங்கள் கண்கொள்ளாக் காட்சி!

அங்கே ஒரு டெலஸ்கோப்பை வைத்துப் பாருங்கள். பார்த்துக் கொண்டிருக்கும்போதே நட்சத்திரம் நழுவி ஓடிவிடும்!

ஏன் ஓடுகிறது?

ஓடுவது நட்சத்திரம் அல்ல, சுற்றுவது பூமி. அது 23 மணி 56 நிமிடத்தில் ஒரு முறை சுற்றிவிடுகிறது. அதாவது, சுமார் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி. அதே வேகத்தில் டெலஸ்கோப்பை எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் நட்சத்திரம் கண்ணில் நிற்கும்.

முற்காலத்தில் இதற்குக் கடிகாரப் பொறி இருந்தது. எடைக்கல் இறங்க இறங்கச் சக்கரம் சுழலும். பிறகு மின்சார மோட்டார் வந்தது.

பழைய கருவி என்றால் இளப்பம் அல்ல. காவலூரில் 1972-ல் நிறுவிய 1 மீட்டர் டெலஸ்கோப், 1977-ல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்களைக் கண்டறிய உதவியது.

சைக்கிள் தகராறு

பழைய மோட்டார்களில் பல 'சிங்க்ரனஸ்' வகை. மின்சாரம் வினாடிக்கு எத்தனை முறை துடிக்கிறதோ, அந்தக் கணக்கில்தான் அவை சுற்றும். அமெரிக்காவில் சுமார் 120 வோல்ட், 60 சைக்கிள். நமக்கு 230 வோல்ட், 50 சைக்கிள். அமெரிக்க மோட்டாரை நம் பிளக்கில் நேரே சொருகினால் கருகிப் போகும்!

டிரான்ஸ்பார்மர் வைத்தால்? வோல்ட் குறையும், சைக்கிள் மாறாது. 6 சுற்று சுற்ற வேண்டிய மோட்டார் 5 சுற்றுதான் சுற்றும். 12 நிமிடத்தில் அரை டிகிரி பின்தங்கிவிடும். அது முழு நிலவின் அகலம்! மோட்டாரும் அளவுக்கு மேல் சூடேறும்.

உயிருக்கு என்ன ஆபத்து?

பார்ப்பவர் கையில் இரும்புக் குழாய். காலடியில் பனி ஈரம். பழைய ஒயரின் ரப்பர் உறை வெடித்திருந்தால், மின்சாரம் கருவி முழுவதும் பாயும். தொட்டவர் கதி என்ன?

'ஆட்டோ டிரான்ஸ்பார்மர்' என்ற மலிவு வகையை நம்பக் கூடாது. அது வோல்ட்டைக் குறைக்குமே தவிர, வீட்டு மின்சாரத்திலிருந்து கருவியைப் பிரித்து வைக்காது.

கரிசல் மண்ணில் இன்னொரு தொல்லை உண்டு. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். எர்த் கம்பியைச் சுற்றி மண் காய்ந்து விலகினால், கசியும் மின்சாரம் நிலத்துக்குள் சரியாக இறங்காது.

செய்ய வேண்டியவை

1. மோட்டார் தகட்டில் உள்ள வோல்ட், சைக்கிள் இரண்டையும் படியுங்கள். தகடு இல்லையேல் சொருகாதீர்கள்.

2. பழைய ஒயரை மாற்றி, மூன்று கம்பி ஒயர் போடச் செய்யுங்கள். இரும்பு உடலை எர்த்துடன் இணைக்க வேண்டும். இது எலெக்ட்ரீஷியன் வேலை.

3. எர்த் குழியில் ஈரம் காயாமல் தண்ணீர் ஊற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சைப் பொருத்துங்கள்.

4. கோவில்பட்டியில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் சுமார் 9 டிகிரியில்தான் தெரியும். டெலஸ்கோப்பின் அச்சையும் அவ்வளவு தாழ்த்த வேண்டும். அப்போது ஒயர் சிக்கி இழுபடாமல் கவனியுங்கள்.

5. எல்லாவற்றிலும் நல்லது, பழைய மோட்டாரைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, 12 வோல்ட் பாட்டரியில் ஓடும் மோட்டாரைப் பொருத்துவதே. வேகத்தைச் சரிபார்க்கச் சிறு மின்னணுப் பெட்டி உண்டு. காட்டுக்கு வீட்டு மின்சாரத்தை இழுத்துச் செல்லவே வேண்டாம்.

பாட்டரியிலிருந்து 110 வோல்ட் உண்டாக்கும் பெட்டியும் இருக்கிறது. அது சைக்கிளையும் சரியாகக் கொடுக்கும். ஆனால் அந்த 110 வோல்ட்டும் ஆளைக் கொல்லும் என்பதை மறக்கக் கூடாது.

நட்சத்திரம் நாளையும் வரும். ஒயரைச் சரிபார்த்த பிறகு பார்த்தால் போதும்!