பெயரும் அதன்பின் நிற்கும் சிறு சொல்லும்

பிற மாநிலங்களிற் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்குப் பன்மொழி வாழ்க்கை புதியதன்று. ஹைதராபாத்தில் வாழ்வோரையே எடுத்துக்கொள்வோம். இல்லத்தில் தமிழ், காய்கறிக் கடையில் தெலுங்கு, வண்டியோட்டியிடம் தக்கனி உருது, வங்கி, மேலலுவலகம், நீதிமன்றம் என்றால் பெரும்பாலும் ஆங்கிலம். முன்னவற்றில் பிழை நேரின் கையசைவும் புன்னகையும் அதனை ஈடுசெய்துவிடும். எழுதிக் கொடுக்கும் ஆங்கிலத்திற்கு அத்தகைய துணை ஏதும் இல்லை. தாளில் உள்ளதே பொருள்.

மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுக்கும் ஒருவர், அதில் 5,000 ரூபாயைக் குறைக்குமாறு வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதுகிறார் என்று கொள்வோம். 'ரிடக்‌ஷன் ஆஃப் ஃபைவ் தௌசண்ட்' என்று அவர் எழுதினால் இனி அவர் கொடுக்க விரும்புவது 10,000 ரூபாய். 'ரிடக்‌ஷன் டு ஃபைவ் தௌசண்ட்' என்று எழுதிவிட்டால் அவர் கொடுக்க விரும்புவது வெறும் 5,000 ரூபாய். உரிமையாளர் சினங்கொள்வதில் வியப்பில்லை. மாறியது இரண்டெழுத்துச் சொல் ஒன்றே. தமிழில் 'ஐயாயிரம் குறைத்தல்', 'ஐயாயிரமாகக் குறைத்தல்' என்று 'ஆக' என்னும் ஈற்றினால் நாம் காட்டும் வேற்றுமையை ஆங்கிலம் அச்சிறு சொல்லில் வைத்திருக்கிறது. ஆஃப், டு, இன், ஆன், ஃபார், வித் முதலிய இச்சொற்களை முன்னிடைச்சொற்கள் என்பர். ஒரு பெயருக்கு முன்னே நின்று, அப்பெயரை அதற்கும் முன்னுள்ள மற்றொரு பெயரோடு பிணைப்பது இவற்றின் தொழில்களுள் ஒன்று. அவ்வாறு பிணைந்த பெயர்த்தொடரைப் பற்றியே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

முதலிற் கவனிக்கத்தக்கது வரிசை. செகந்திராபாத்தில் ஒரு கடைக்கு வழி கூறுகிறோம்: 'மணிக்கூண்டின் பின்புறமுள்ள சந்தின் முனையிலுள்ள கடை.' மணிக்கூண்டில் தொடங்கிக் கடையில் முடிகிறோம். ஆங்கிலேயன் இதனையே 'தி ஷாப் அட் தி கார்னர் ஆஃப் தி லேன் பிஹைண்ட் தி கிளாக் டவர்' என்பான். அவன் கடையில் தொடங்கி மணிக்கூண்டில் முடிக்கிறான். கண்ணாடியில் உருவம் இடவலம் மாறித் தோன்றுவது போன்றதே இது. தமிழில் தலைமைப் பெயர் இறுதியில் வரும். ஆங்கிலத்தில் அது முதலில் வந்துவிடும். நீண்ட தொடரை மொழிபெயர்க்க நேரும்போது வால்நுனியிலிருந்து பின்னோக்கி வருவதே எளிய வழி.

ஹைதராபாத்தில் வாழ்வோர்க்கு இவ்வரிசை முற்றிலும் அயலானதன்று. பழைய நகரிலுள்ள தாருஷ்ஷிஃபா என்னும் பகுதியின் பெயரைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'இல்லம் – நோய் தீர்த்தலின்' என்று அமையும். நிஜாம்-உல்-முல்க் என்னும் பட்டமும் 'ஒழுங்குசெய்வோன் – நாட்டினை' என்றே நிற்கிறது. இவை அரபு மொழியின் வழிவந்த தொடர்கள். தலைமைப் பெயரை முன்னே நிறுத்துவதில் அவை ஆங்கிலத்தோடு ஒக்கும். தெலுங்கோ நம்மோடு ஒக்கும். 'பல்ல மீத உன்ன புஸ்தகம்' என்று தெலுங்கர் கூறுவது 'மேசை மீது உள்ள புத்தகம்' என்பதன் நேர் உருவமேயன்றோ?

இந்த 'உள்ள', 'உன்ன' என்னும் சொல்லைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்தில் 'தி புக் ஆன் தி டேபிள்' என்றாலே போதும். 'உள்ள' என்பதற்கு அங்கே சொல் இல்லை. தமிழில் மட்டும் அது ஏன் தேவைப்படுகிறது? நன்னூலார் இதற்கு விடை வகுத்திருக்கிறார். ஆறாம் வேற்றுமை பெயரைக் கொண்டு முடியும். நான்காவதும் ஏழாவதும் பெயர், வினை இரண்டையும் கொள்ளும். எல்லைப்பொருளில் வரும் 'இன்' நீங்கலாக ஏனையவை பெரும்பாலும் வினையையே கொள்ளும் என்பது அவர் கூறிய விதியின் சாரம். 'கல்வியில் ஆர்வம்', 'மகளுக்குப் பரிசு' என்று நேரே பெயரோடு பெயரைச் சேர்த்துவிடுகிறோம். ஆனால் 'கத்தியால் காயம்' என்று நிறுத்தினால் செவிக்கு நிறைவில்லை. 'கத்தியால் ஏற்பட்ட காயம்' என்கிறோம். 'சென்னையிலிருந்து கடிதம்' என்பதைவிடச் 'சென்னையிலிருந்து வந்த கடிதம்' என்பதே நம் நாவுக்கு இயல்பு. இடையில் ஒரு பெயரெச்சத்தை நம் மொழி வேண்டி நிற்கிறது.

இப்பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதுவோர் 'தி லெட்டர் விச் கேம் ஃபிரம் மெட்ராஸ்', 'தி புக் விச் இஸ் ஆன் தி டேபிள்' என்றே எப்போதும் எழுதிச் செல்வர். இது பிழையன்று, எனினும் பக்கம் முழுவதும் இவ்வாறே வருமாயின் நடை தளர்ந்துவிடும். 'தி லெட்டர் ஃபிரம் மெட்ராஸ்' என்பதே போதும். ஆங்கில முன்னிடைச்சொல் ஒன்றே நம் உருபின் வேலையையும் பெயரெச்சத்தின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறது என்பதை உணர்ந்தால் கடிதங்கள் பாதியாகச் சுருங்கும்.

வரிசை பழகிவிடும். எந்தப் பெயருக்குப் பின் எந்தச் சிறு சொல் என்பதே உண்மையான இடர்ப்பாடு. தமிழ் உருபைக் கொண்டு ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தால் பாதி நேரம் வெற்றி கிட்டும். மீதி நேரம் தவறுவோம். 'கல்வியில் ஆர்வம்' என்பதற்கு 'இன்ட்ரெஸ்ட் இன் எஜுகேஷன்' என்பது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் 'காரணம்' என்னும் நம் ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரு சொற்கள் உள: 'ரீசன்' என்றால் பின்னே 'ஃபார்' வரும், 'காஸ்' என்றால் 'ஆஃப்' வரும். 'வீட்டின் சாவி'யை 'கீ ஆஃப் தி ஹவுஸ்' என்னாமல் 'கீ டு தி ஹவுஸ்' என்பர். விடைக்கும் அவ்வாறே 'டு'. சார்ந்திருத்தலாகிய 'டிப்பெண்டன்ஸ்' என்பதற்கு 'ஆன்'; சாராதிருத்தலாகிய 'இண்டிப்பெண்டன்ஸ்' என்பதற்கோ 'ஃபிரம்'. ஏன் என்று வினவினால் ஆங்கிலேயருள் பெரும்பாலோர் தோளைக் குலுக்குவர். சிறு சொல்லைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் பொருளிடம் இல்லை, முன்னுள்ள பெயரிடம் இருக்கிறது என்பதே நாம் கொள்ள வேண்டிய கருத்து.

இங்கே மற்றொரு கண்ணி உண்டு. நம் நாட்டில் கற்றறிந்தோரும் இதில் அகப்படுவது கண்கூடு. 'டிஸ்கஸ்' என்னும் வினை செயப்படுபொருளை நேரே ஏற்கும்: 'வி டிஸ்கஸ்ட் தி மேட்டர்.' அது 'டிஸ்கஷன்' என்று பெயராகிவிட்டாலோ நேரே ஏற்கும் ஆற்றலை இழந்துவிடும். 'ஆஃப்' அல்லது 'அபௌட்' துணைக்கு வந்தாக வேண்டும். தமிழிலும் இதுவே நிகழ்கிறது. 'நூலைப் படித்தான்' என்போம்; 'நூலைப் படிப்பு' என்னோம். இரண்டாம் வேற்றுமை உருபு பெயரைக் கொண்டு முடியாது. இவ்வியல்பு ஆங்கிலத்திலும் உண்டென்று அறிந்தால், 'டிமாண்ட்' என்னும் வினைக்குத் துணை வேண்டா, பெயருக்கு 'ஃபார்' வேண்டும். 'ஆன்சர்' என்னும் வினைக்கு வேண்டா, பெயருக்கு 'டு' வேண்டும். 'எம்ஃபசைஸ்' என்பதற்கு வேண்டா, 'எம்ஃபசிஸ்' என்பதற்கு 'ஆன்' வேண்டும் என்பவை தாமே விளங்கும். பெயருக்குரிய சிறு சொல்லை வினைக்கும் ஒட்டவைப்பதால்தான் 'டிஸ்கஸ் அபௌட்', 'ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்று வினையிடத்தும் எழுதும் வழக்கம் அலுவலகங்களிற் பரவியிருக்கிறது. 'பற்றி விவாதித்தோம்' என்னும் நம் தாய்மொழி வழக்கும் அதற்கு உரமிடுகிறது.

'ஆஃப்' என்பதைப் பற்றித் தனியே ஒரு சொல். அதனை ஆறாம் வேற்றுமையின் ஆங்கில உருவம் என்று பள்ளியிற் கற்றோம். அது ஓரளவே உண்மை. 'தி அரைவல் ஆஃப் தி டிரெயின்' என்பதில் வருவது ரயில். 'தி அரெஸ்ட் ஆஃப் தி தீஃப்' என்பதில் திருடன் கைது செய்யவில்லை, கைது செய்யப்படுகிறான். எழுவாயையும் செயப்படுபொருளையும் ஒரே சொல் சுமக்கிறது. 'ரவிவர்மாவின் ஓவியம்' என்று தமிழிற் கூறினால் அவர் தீட்டியதா, அவரைத் தீட்டியதா, அவர் உடைமையா என்று மூவகை ஐயம் எழும். ஆங்கிலம் இவற்றைப் பிரிக்க வல்லது: அவர் தீட்டியதற்குப் 'பை', அவரைத் தீட்டியதற்கு 'ஆஃப்'. அருட்காட்சியகத்தில் ஓவியத்தின் கீழுள்ள குறிப்பை வாசிப்போர் இச்சொல்லைக் கவனிப்பது நன்று.

அலுவலக வழக்கில் சில தொடர்கள் வழுக்குநிலம் போன்றவை. 1966ஆம் ஆண்டில் தென் மத்திய ரயில்வே செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவாயிற்று. ரயில்வேப் பணியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தினர் பின்வரும் தொடரைப் பலகாலும் கண்டிருப்பர். 'தி கிளார்க் இன் சார்ஜ் ஆஃப் தி ஸ்டோர்ஸ்' என்றால் பண்டகசாலை எழுத்தரின் பொறுப்பில் இருக்கிறது. இடையில் 'தி' நுழைந்து 'இன் தி சார்ஜ் ஆஃப்' ஆகிவிட்டால் பொறுப்பு திசை மாறிவிடும்: 'தி ஸ்டோர்ஸ் இன் தி சார்ஜ் ஆஃப் தி கிளார்க்' என்றே எழுத வேண்டும். 'கிளைம்' என்பதும் அத்தகையதே. 'கிளைம் டு' என்றால் ஒன்று தமக்குரியது என்னும் உரிமை. 'கிளைம் ஃபார்' என்றால் இழப்பீடு முதலியவற்றைக் கேட்டல். 'கிளைம் அகெய்ன்ஸ்ட்' என்றால் எவரிடமிருந்து கேட்கிறோமோ அவரைச் சுட்டுவது. காப்பீட்டு விண்ணப்பத்தில் இவை இடம் மாறினால் படிப்போர்க்கு நம் கோரிக்கையே விளங்காது போகும்.

இவ்வமைப்புகளை அயல்மொழியாளர் நோக்கில் வகுத்துரைத்தவருள் ஏ. எஸ். ஹார்ன்பி முதன்மையானவர். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தினின்று அவர் தொகுத்த அகராதி 1942இல் அங்கேயே வெளிவந்தது. 1954இல் வெளிவந்த ஆங்கில அமைப்புகள் பற்றிய கையேட்டில், வினைகளுக்கு அமைப்பு இருப்பதுபோலப் பெயர்களுக்கும் உண்டென்று காட்டி, பெயரோடு முன்னிடைச்சொல் சேரும் அமைப்பைத் தனிவகையாகவே வைத்தார். ஹைதராபாத்திலேயே இத்துறைக்கு ஒரு நிலையம் உண்டு. 1958இல் மத்திய ஆங்கில நிறுவனம் என்று இங்கே தொடங்கி, 1972இல் அயல்மொழிகளையும் சேர்த்துக்கொண்டு, 2007 முதல் ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக உஸ்மானியா பல்கலைக்கழகத்தை அடுத்து நடைபெற்று வருகிறது. 1918இல் உருது மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டு தோன்றிய உஸ்மானியாவின் அண்டையில் ஆங்கிலத்திற்கு ஒரு நிறுவனம் அமைந்தது சுவையான செய்தி.

இல்லத்திலிருந்தே பயில விரும்புவோர்க்கு ஒரு முறை கூறுவோம். பெயர்களைத் தனியே மனனம் செய்யற்க. 'ரீசன்' என்று குறித்து வைப்பதை விடுத்து 'ரீசன் ஃபார்' என்று இணையாகவே குறித்துவைக்கலாம்; குழந்தைகளுக்குச் சொற்பொருள் எழுதிக் கொடுக்கும்போதும் அவ்வாறே. மாணவர்க்கென அமைந்த அகராதிகளில் பெயருக்குப் பக்கத்தில் அதற்குரிய சிறு சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். பொருளை மட்டும் பார்த்து நூலை மூடிவிடுவோர் அதனைக் காண்பதில்லை. 'இன்கிரீஸ்' என்பதைத் தேடிப் பாருங்கள். கூடியது எது என்பதற்கு 'இன்' என்றும், எவ்வளவு கூடியது என்பதற்கு 'ஆஃப்' என்றும் அங்கே இருக்கும். வாடகைக் கடிதம் எழுதுவோர்க்கு அவ்விரண்டும் ஒரே வாக்கியத்தில் வேண்டியிருக்கும்.