ஹீட்டரைத் திட்டுவதற்கு முன்

வருடம் முழுக்க ஒழுங்காக ஓடிய வாட்டர் ஹீட்டர் தீபாவளி விடியற்காலையில்தான் மக்கர் செய்யும். தலையில் எண்ணெய், கையில் சீயக்காய், ஷவரில் பச்சைத் தண்ணீர். அந்த நேரத்துக்கு ஜெஞ்சாரோமில் எந்த வயர்மேனும் போனை எடுக்கமாட்டார். எடுத்து வந்தாலும், பல வீடுகளில் அவர் பார்க்க வேண்டியது ஹீட்டரை அல்ல, தண்ணீரை.

தே தாரிக் வரட்டும், நிதானமாகப் பார்ப்போம். நம் குளியலறைச் சுவரில் தொங்கும் சின்னப் பெட்டிக்குள் தண்ணீர் சேமித்து வைக்கப்படுவதில்லை. ஓடுகிற தண்ணீரை ஓடும்போதே சுட வைக்கிறது. அதன் சக்தி பெரும்பாலும் 3.6 கிலோவாட். அதற்கு மேல் அதனால் முடியாது. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 27 டிகிரி என்று வையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால், சூடு ஏறத்தாழ 26 டிகிரி கூடும், தோல் வெந்துவிடும். 4 லிட்டர் விட்டால் 13 டிகிரிதான் கூடும். 40 டிகிரியில் இதமான குளியல். 6 லிட்டர் விட்டால் 35, 36 டிகிரிதான். வெறும் வெதுவெதுப்பு. ஆகவே ‘சூடு போதவில்லை’, ‘தண்ணீர் வேகம் போதவில்லை’ என்பவை இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை இரண்டு புகார்கள் அல்ல. ஒன்றைத் திருகினால் மற்றது நகரும்.

அப்படியானால் தண்ணீர் குறையக் குறையச் சூடு ஏற வேண்டுமே, பச்சைத் தண்ணீர் எப்படி வந்தது? பெட்டிக்குள் ஓட்டத்தை உணரும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஓட்டம் இறங்கினால் அது மின்சாரத்தை விடாது. விட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். தீபாவளி காலையில் மேல்மாடியில் அண்ணன், கீழே தங்கை, பின்கட்டில் பாட்டிக்கு வாளியில் தண்ணீர் என்று எல்லாக் குழாயும் ஒரே டேங்கிலிருந்து இழுக்கின்றன. மேல்மாடி ஷவரில் ஓட்டம் மெலிகிறது, சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. ஹீட்டர் கெடவில்லை, தன்னைக் காத்துக்கொள்கிறது. கீழே குழாயை மூடச் சொல்லுங்கள், சூடு திரும்பிவிடும்.

ஏன் எப்போதும் மேல்மாடிதான் மாட்டிக்கொள்கிறது? நம் தாமான் வீடுகளில் டேங்க் கூரைக்கடியில் இருக்கிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். மேல்மாடி ஷவருக்கும் டேங்குக்கும் நடுவே 2 மீட்டர் இருந்தால் கிடைப்பது 0.2 பார். கீழ்மாடிக்கு இன்னும் 3 மீட்டர் கூடுவதால் அங்கே 0.5 பார். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் ஹீட்டரை நிறுத்த அது போதும்.

இந்த அமைப்பிலேயே ஒரு நல்ல சோதனையும் இருக்கிறது. வழக்கமாக அடுப்படிக் குழாய்க்கு மட்டும் சாலைப் பைப்பிலிருந்து நேராகத் தண்ணீர் வரும். மற்றவை டேங்க் வழி. அடுப்படியில் வேகமாக வந்து குளியலறையில் மெலிந்தால், கோளாறு டேங்கிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. இரண்டிலும் மெலிந்தால் வெளிச் சப்ளையைப் பாருங்கள். ஒரு குளியலறையில் மட்டும் என்றால் அங்கேயே எதுவோ அடைத்திருக்கிறது.

அந்த ‘எதுவோ’, தண்ணீர் வெட்டுக்குப் பிறகு வருவது. 2020 அக்டோபரில் செமினி ஆற்றில் நாற்றம் கலந்து சுத்திகரிப்பு ஆலை நின்றது. நம் கோல லங்காட் வட்டாரத்தையும் அது பாதித்தது. இத்தகைய வெட்டு முடிந்து தண்ணீர் திரும்பும்போது பைப்பில் படிந்திருந்த மண்ணும் துருவும் கிளம்பி வரும். ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சின்ன வலை உண்டு. கசடு அங்கே போய் உட்காரும். மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீரையும் மூடி, வலையைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். ஷவர் தலையையும் அப்படியே தேய்க்கலாம். இன்னொன்று: வெட்டுக்குப் பிறகு ஹீட்டரை உடனே போடாதீர்கள். பைப்பில் காற்று இருக்கும். தண்ணீர் துப்பாமல் சீராக வரும்வரை திறந்துவிட்ட பிறகே போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அழுத்தம் போதவில்லை என்றால் பம்ப் வைக்கலாம். டேங்கிலிருந்து இழுக்கும் பம்ப்பாக இருக்க வேண்டும். சாலைப் பைப்பில் நேராகப் பம்ப்பை மாட்ட விதி இடம் தராது. பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும் வேலை அது. பம்ப் வைத்த கையோடு ‘இப்போது சூடே இல்லை’ என்று புதுப் புகார் வரும். மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள்: ஓட்டம் கூடியதால் சூடு குறைந்தது. ஹீட்டரின் வால்வைக் கொஞ்சம் மூடினால் சரியாகிவிடும்.

லண்டனில் படிக்கும் பிள்ளை ‘இங்கே பாய்லரில் பிரஷர் இறங்கிவிட்டது, மாமா’ என்று கூப்பிட்டால் மட்டும் இந்தப் பாடத்தை ஒப்பிக்காதீர்கள். அங்கே காம்பி பாய்லர் என்ற ஒரே பெட்டி குழாய்க்கு வெந்நீரும் தரும், அறைகளையும் சுட வைக்கும். அதன் சக்தி 24 கிலோவாட்டோ அதற்கு மேலோ. எரிவாயு எரிவதால் முடிகிறது. அதன் முகத்திலுள்ள மானி காட்டுவது குழாய் அழுத்தத்தை அல்ல, அறை சூட்டும் மூடிய பைப்புகளின் அழுத்தத்தை. குளிர்ந்திருக்கும்போது 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். குறைந்தால் கையேட்டில் சொன்னபடி நிரப்பும் வால்வைத் திறந்து ஏற்றி, மறக்காமல் மூட வேண்டும். அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிகிறது. அறை சூடாகிறது, குழாயில் மட்டும் வெந்நீர் இல்லை என்றால் திசைமாற்றும் வால்வின் மேல் சந்தேகப்படலாம். ஆனால் பெட்டியைத் திறக்கப் பதிவுபெற்ற எரிவாயுத் தொழிலாளிதான் வர வேண்டும்.

நம் பெட்டியிலும் அதே கண்டிப்பு வேண்டும். 3.6 கிலோவாட் என்றால் 15 ஆம்பியர். 13 ஆம்பியர் மூன்று முள் பிளக் அதைத் தாங்காது. தனி வயர், தனிச் சுவிட்ச், ஒழுங்கான எர்த் மூன்றும் வேண்டும். மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளின்படி, ஈரத்தரை இருக்கும் இடத்தில் 10 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டும் கருவி வேண்டும். அது அடிக்கடி விழுகிறது என்று எரிச்சலில் அதைத் தவிர்த்து வயரை நேராக இணைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த வேலையை யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள். கருவி விழுகிறதென்றால் உள்ளே எங்கோ மின்சாரம் கசிகிறது.

பெட்டியின் முகப்பில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். குளிக்காத நேரத்தில், ஹீட்டர் ஓடும்போது, மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லையா? பதிவுபெற்ற வயர்மேன் பார்த்து முடிக்கும்வரை அந்த ஹீட்டரில் யாரையும் குளிக்க விடாதீர்கள்.